நாற்பத்திரண்டு கட்டங்களில் ஒரு யூத ரொட்டி

மனித குலத்தின் முன் மூன்று பெரிய கேள்விகள் இருக்கின்றன. நான் யார்? எங்கிருந்து வந்தேன்? இந்தக் கடையில் என்ன ஆர்டர் செய்வது? முதல் இரண்டையும் ரிஷிகள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாகியும் இன்னும் அறிக்கை தாக்கல் செய்யவில்லை. மூன்றாவதைத் திருவனந்தபுரத்தில் எங்கள் சங்கம் எடுத்துக்கொண்டது. மூன்றே மாதத்தில் பதினாறு பக்கங்களில் விடை கொடுத்தோம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் அட்டையையும் சேர்த்துப் பதினெட்டுப் பக்கம் என்று சொல்லியிருப்பேன்.

சங்கத்தின் பெயர் 'அனந்தபுரி சர்வதேச உணவு மதிப்பீட்டுச் சங்கம்'. நான் தலைவர், பெயர் குற்றாலலிங்கம். முப்பத்துமூன்று வருடம் அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவன். ஓய்வு பெற்ற மறுநாளே கோப்பில்லாமல் கை பரபரத்ததால் சங்கம் தொடங்கினேன். செயலாளர் தாணுமாலையன், கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்தவர். கோயிலில் பிரசாதம் கொடுத்தால்கூட முதலில் ஓர் ஆட்சேபணை சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார். 'டிஜிட்டல் பிரிவு' முழுவதும் ரெனி என்ற ஒரே பெண். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். எங்கள் வாட்சப் குழுவை நடத்துவது அவள்தான்.

அந்தக் குழுவில், ஐந்து கிளைகளையும் சேர்த்து, நாலாயிரத்து இருநூறு பேர். எங்கள் 'என்ன ஆர்டர் செய்வது' பட்டியல் வராமல் ஒருவரும் புதிய கடையின் படி ஏறமாட்டார்கள். ஒரு முறை ஒரு ஹோட்டலைப் பற்றி 'கை கழுவும் இடம் நன்று' என்று மட்டும் எழுதினோம். அந்த வாரம் இருநூறு பேர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்கள். எங்கள் செல்வாக்கு அப்படிப்பட்டது.

மதிப்பீட்டுக்கு நாற்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. விதிகள் ஒன்பது. அவற்றில் உயிரானது நான்காம் விதி: உறுப்பினர்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே மதிப்பீட்டுக்கு வர வேண்டும். பசித்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும். அவன் தீர்ப்பில் நடுநிலைமை இருக்காது. ஆகவே பசியைச் சங்கத்தின் வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருந்தோம்.

ஜூன் மாதம் மழையில் நனைந்துகொண்டு ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் சத்தியநேசன், ஊர் மார்த்தாண்டம் பக்கம். நியூயார்க்கில் வயதான யூதர் ஒருவரின் கடையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். பாத்திரம் கழுவப் போனார், அடுப்படிக்கு நகர்ந்தார், கடைசியில் இறைச்சி அறுக்கும் மேடையும் ரொட்டி அடுப்பும் அவர் கைக்கு வந்தன. முதலாளி முடியாமல் கடையை மூடியதும் ஊர் திரும்பி, தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கும் பஸ் டிக்கெட் ஏஜென்சிக்கும் நடுவில் சொந்தக் கடை போட்டிருந்தார். 'பாரம்பரிய யூத டெலி & பேக்கரி' என்று மூன்று மொழிகளில் பலகை. டெலி என்றால் பதப்படுத்திய இறைச்சியும் ஊறுகாயும் ரொட்டியும் விற்கிற கடை. இது ஊருக்குத் தெரியாததால் முதல் வாரம் வந்த நான்கு பேரில் மூன்று பேர் டில்லிக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார்கள்.

“சாரே, பில்டிங்கு ஷாஜிக்கு உள்ளது. ஓணம் வரைக்கும் பாப்பேன், ஆளு வரல்லண்ணா குழிமந்திக்காரனுக்குக் குடுத்திருவேன்னு தீத்துச் சொல்லியாச்சு. நீங்க லிஸ்டு போட்டா ஆளு வரும்னு எல்லாரும் சொல்லுகாவ. நானும் எனக்க பெஞ்சாதியும் உள்ளதெல்லாம் இதுலதான் போட்டிருக்கோம்.”

குழிமந்தி என்பது அரபு நாட்டுக் கோழிச்சோறு. குழிக்குள் வேகவைப்பார்கள். இப்போது இந்த நகரத்தில் குழி தோண்டாத தெருவே இல்லை.

நான் உருகிவிட்டேன். “கவலை வேண்டாம். விரைவில் குழு கூடும்” என்றேன்.

“கூடணும்னு இல்ல சார். லிஸ்டு நானே சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. முதல்ல வாற ஆளுக்குப் பாஸ்ட்ராமி சாண்ட்விச்சு. மாட்டு நெஞ்சுக்கறிய நாலஞ்சு நாளு உப்புவெள்ளத்துல ஊறப்போட்டு, மிளகும் மல்லியும் பூசி, பொகபோட்டு, ஆவியில வச்சு, தாளு மாதிரி அறுத்து வைப்பேன். கூட வெள்ளரிக்கா ஊறுகாயும் வாங்கணும். காலையில எண்ணா பேகல், வளையம் மாதிரி உள்ள ரொட்டி, அதுக்கு மேல பொகபோட்ட நெய்மீன். மழைக்கு, பனிக்கு, மேலுக்குச் சொகமில்லண்ணா கோழிச்சாறுல உருண்டை போட்ட சூப்பு. புள்ளையளுக்கு ருகெலா, உள்ள ஜாம் வச்சுச் சுருட்டினது. வெள்ளியாழ்ச்ச எண்ணா வேற ஒண்ணும் யோசிக்காண்டாம், ஹாலா. பின்னி வச்ச ரொட்டி. அம்புடுதான்.”

ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். நான் பேனாவை மூடி வைத்தேன். என்ன ஆர்டர் செய்வது என்று கடைக்காரரே சொல்லிவிடுவதானால் சங்கம் எதற்கு? ஒரு நிமிடத்தில் கிடைத்த விடையை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நாங்கள் பொறுப்பற்றவர்களும் அல்ல. “இது கடைக்காரர் தரப்பு” என்று குறித்துக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன்.

ரெனிக்கு விடுமுறை சனிக்கிழமை. எனவே சங்கம் சனிக்கிழமைகளில்தான் இயங்கும். முதல் சனிக்கிழமை மூவரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தம்பானூர் போனோம். கடை பூட்டியிருந்தது. இரண்டாவது சனிக்கிழமையும் பூட்டியிருந்தது. இப்படி ஐந்து சனிக்கிழமைகள் மழையில் குடை பிடித்துக்கொண்டு பூட்டை மதிப்பீடு செய்தோம். கதவில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. முப்பத்துமூன்று வருடம் அறிவிப்பு எழுதிய எனக்கு அதைப் படிக்கிற பழக்கம் கிடையாது. தாணுமாலையன் முதல் கட்டத்தில் 'வரவேற்பு: இல்லை' என்று ஐந்து முறை எழுதி ஐந்து முறை கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது வாரம் சத்தியநேசனே போன் செய்தார்.

“சார் எப்பம் வாறிய? ஜூலை முடியப் போகுது.”

“ஐந்து தடவை வந்தாயிற்று. உங்கள் ஒத்துழைப்பு போதாது.”

“சனியாழ்ச்ச அடப்பு சாரே! கதவுல எழுதிப் போட்டிருக்கேனே. வெள்ளியாழ்ச்ச பொழுது அடைஞ்சா மறுநாளு பொழுது அடையிறது வரைக்கும் அவங்க அடுப்பு பத்தவைக்கமாட்டாங்க.”

“நீங்கள் யூதரா?”

“நான் சி.எஸ்.ஐ. ஞாயிறு காலையில சபைக்குப் போறவன். ஆனா ரொட்டி அவங்களுக்கு உள்ளதுல்லா? அதுக்கு உள்ள மரியாதய நாம குடுக்கணும்லா?”

இதற்கு என்ன பதில் சொல்வதென்று விதிகளில் இல்லை. ஆகவே ஒரு புதன்கிழமையைச் சிறப்பு அனுமதியாக ஒதுக்கினேன். ரெனி 'வீட்டிலிருந்து வேலை' என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கடை சிறியது. ஐந்து மேஜை. சத்தியநேசனின் மனைவி ராஜபாய் எங்களைப் பார்த்ததும் மேஜையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். பாஸ்ட்ராமியிலிருந்து ஆவி பறந்தது. மிளகு மணம் எங்கள் நடுநிலைமையைத் தாக்கியது. நாங்கள் அசையவில்லை.

“அங்கிள், யாரும் தொடாதீங்க. லைட்டு செரியில்ல” என்று ரெனி தட்டுகளை ஜன்னலோரம் கொண்டுபோனாள். பிறகு வாசலுக்குக் கொண்டுபோனாள். பேகலை ஆட்டோ ஒன்றின் கூரைமேல் வைத்துப் படமெடுத்தாள். ஆட்டோ புறப்பட்டதால் வேறு பேகல் வரவழைக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தட்டுகள் மேஜைக்குத் திரும்பின. தாணுமாலையன் விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துப் பதினோராம் கட்டத்தில் 'உணவு ஆறியிருந்தது' என்று எழுதினார்.

ஏழாம் கட்டம் வடிவம் பற்றியது. “இந்தத் தொளை எதுக்கு?” என்று அவர் பேகலைக் காட்டிக் கேட்டார்.

“முதல்ல கொதிக்கிற வெள்ளத்துல போட்டு எடுத்துப் பொறவுதான் சார் அடுப்புல வைப்போம். நடுவுலயும் வேகணும்லா?”

“உளுந்து வடைக்கும் அதுக்குத்தானே தொளை?”

“அதுக்குத்தான் சார்.”

'துளை: நியாயமானது' என்று பதிவாயிற்று. அன்றைக்குக் கடைக்குக் கிடைத்த முதல் மதிப்பெண் துளைக்குத்தான்.

அப்போது ரெனி, “சேட்டா, ஒரு சாயா” என்றாள்.

“கட்டஞ்சாயா தாறேன் மோளே. பாலு கெடையாது.”

“பால் தீந்துபோச்சா?”

“உண்டு. பேகல் மட்டும் தின்னா பால் சாயா தாறேன். இந்த மேசையில இறைச்சி வச்சிருக்கு. இறைச்சியும் பாலும் ஒண்ணா வைக்கப்பிடாது. அவங்க முறை அது.”

திருவனந்தபுரத்தில் மாட்டிறைச்சிக்குப் பிறகு பால் சாயா கிடைக்காது என்று ஒருவர் அரசியல் கட்சி தொடங்கினால் அவருக்கு வைப்புத்தொகை தேறாது. நான் கண்டனம் தெரிவிக்கத் தொண்டையைக் கனைத்தேன். ஆனால் தாணுமாலையன் எழுந்துவிட்டார்.

“அடுக்களையைப் பாக்கணும்” என்று உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

அங்கே இரண்டு அலமாரிகள். ஒன்றில் இருந்த பாத்திரங்களின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, மற்றதில் நீல நூல். கழுவும் தொட்டி இரண்டு, துடைக்கும் துணி இரண்டு. “செவப்பு கறிக்கு, நீலம் பாலுக்கு. மாறிச்சுண்ணா இவரு அந்தப் பாத்திரத்தையே மாத்தி வச்சிருவாரு” என்றாள் ராஜபாய்.

தாணுமாலையன் கண் கலங்கிவிட்டார். அக்ரஹாரத்தில் பத்து என்று ஒன்று உண்டு. சோற்றுப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொடக்கூடாது. “எங்காத்துல இப்போ இத்தனை ஒழுங்கு கிடையாதுங்காணும். ஃபிரிட்ஜு வந்தப்பறம் எல்லாம் ஒண்ணாக் கலந்துடுத்து. இங்க வந்து, மாம்சம் விக்கற எடத்துல, பத்து பாக்கறான் இந்தப் பிள்ளையாண்டான்!” என்று என் காதில் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கட்டத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார்.

சத்தியநேசனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. “சார், ஒரு பேகல் தின்னு பாருங்க. முட்டை கெடையாது, பாலு கெடையாது, நெய் கெடையாது.”

“நான் வெளியில கை நனைக்கறதில்லையாக்கும். ஆனா பலமா சிபாரிசு பண்றேன்.”

ரெனி மாவுப்பண்டமே தொடாத ஒரு டயட்டில் இருந்தாள். எனக்குச் சர்க்கரை உண்டு. அதைவிட முக்கியமாக, வீட்டில் புட்டும் கடலையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆக நான்காம் விதி முழுமையாகக் காக்கப்பட்டது. ஆனால் இருபத்தோராம் கட்டம் 'ருசி'. அதைக் காலியாக விடமுடியாது. பக்கத்து மேஜையில் ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தார். சாலை பஜாரில் மூட்டை இறக்குகிற சொரிமுத்து. ரொட்டித் துண்டைக் கட்டஞ்சாயாவில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“ரெண்டு துண்டு தின்னா மத்தியானம் வரைக்கும் வயித்துல நிக்கும்” என்றார், வாயைத் துடைக்காமல்.

'வயிற்றில் நிற்கும்' என்பது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைத்தோம். அதன் அறிக்கை வர மூன்று வாரமாயிற்று. நாங்கள் எழுந்தபோது ராஜபாய் தொடாத தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

இதற்கிடையில் ஆகஸ்ட் பிறந்துவிட்டது. சங்கம் மூன்று முறை கூடிச் சத்தியநேசனுக்கு ஒரு கடிதம் எழுதியது. பொதுமக்கள் நலன் கருதிச் சனிக்கிழமையும் கடை திறக்க வேண்டும். பால் சாயா கேட்பவர்களை மனம் நோகச் செய்யக்கூடாது. பாஸ்ட்ராமியின்மேல் சீஸ் உருகி வழிந்தால் வீடியோவில் எடுபடும் என்று டிஜிட்டல் பிரிவு கருதுகிறது. மேலும், சாலை பஜாரில் வாங்கிய மிளகு எப்படி யூத மிளகாகும் என்பதற்கும் விளக்கம் தேவை.

மிளகுக்கு மட்டும் உடனே பதில் வந்தது. “சார், நியூயார்க்குல முதலாளி வாங்கின மிளகுச் சாக்குலயும் கேரளான்னுதான் எழுதியிருக்கும்.” பதில் திருப்திகரமாக இல்லை என்று குறித்துக்கொண்டோம்.

மற்றவற்றுக்குப் பதில் பத்து நாள் கழித்து வந்தது. குரல் இறங்கியிருந்தது. “ஷாஜி நேத்தும் வந்தான் சார். மந்திக்காரன் அளவெடுக்க டேப்போட வந்து நிக்கான். நீங்க சொன்ன மாதிரி செய்யுதேன். லிஸ்டு மட்டும் சீக்கிரம் போட்டுத் தாங்க.”

அடுத்த சனிக்கிழமை போனோம். கடை திறந்திருந்தது. மேஜைமேல் பாஸ்ட்ராமி, அதன்மேல் சீஸ் மஞ்சளாக வழிந்தது. பக்கத்தில் நுரை தள்ளிய பால் சாயா. ரெனி “அடிப்பொளி!” என்று கூவினாள். நானும் மனநிறைவோடு உட்கார்ந்தேன். ஒரு கடிதத்தால் இவ்வளவு சாதிக்க முடியும் என்று நாடாளுமன்றத்துக்குக்கூடத் தெரியாது.

தாணுமாலையன் மட்டும் உட்காரவில்லை. சாயாவையும் இறைச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்பு நூல் பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

“போச்சு. எல்லாம் ஒண்ணாக் கலந்தாச்சு” என்றார். முப்பத்தெட்டாம் கட்டம் 'பாரம்பரியம்'. அதில் எழுதினார்: 'மீறப்பட்டுள்ளது.'

சத்தியநேசன் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். “சார், நீங்க கடிதாசு எழுதினதுனாலதானே சார்?”

நான் பொறுமையாக விளக்கினேன். “கடிதம் எழுதியது சங்கம். பாரம்பரியத்தை மீறியது நீங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.”

அவர் மேடைக்குத் திரும்பிப் போனார். கத்தியை எடுத்தார், அறுக்க எதுவும் இல்லாததால் துடைத்து வைத்தார். ராஜபாய்தான் என் பக்கம் வந்தாள். தட்டில் ஒரு துண்டு ஹாலா. முந்தின நாள் சுட்டது. மேலே எள் தூவி, பளபளவென்று, தலை பின்னியதுபோல் இருந்தது.

“சார், மத்ததெல்லாம் போட்டும். இத ஒரு கடி கடிச்சுப் பாருங்க. எண்ணெயும் முட்டையும் போட்டு நாலுமணிக்கு எந்திச்சு நான் பின்னினது. உங்களுக்குப் பிடிக்கல்லண்ணா பிடிக்கல்லன்னு எழுதுங்க, எனக்குக் குழப்பமில்ல. தின்னு பாத்துட்டு எழுதுங்க.”

சொல்கிறபோதே அவள் குரல் உடைந்தது. எனக்கும் ஒரு மாதிரியாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தலைவரே விதியை மீறினால் சங்கம் என்னாவது? “வயிறு நிறைந்திருக்கிறது அம்மா. மணம் நன்றாக இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டம் உண்டு, பதினெட்டு” என்று ஆறுதல் சொன்னேன்.

இனி அறிக்கையை அச்சுக்கு அனுப்புவதுதான் பாக்கி. அங்கே எதிர்பாராத ஒரு கொள்கைப் பிரச்சினை எழுந்தது. அட்டையில் யார் படம்? ரொட்டியின் படம் என்று ரெனி சொன்னாள். ரொட்டியைப் பின்னணியில் மங்கலாக வைத்துத் தலைவர் முன்னால் நிற்கலாம் என்று நான் சொன்னேன். தலைவரும் செயலாளரும் என்று தாணுமாலையன் ஆட்சேபணை எழுப்பினார். ரொட்டியை எடுத்துவிட்டால் இருவருக்கும் இடம் கிடைக்கும் என்று பதினான்காம் நாள் ஒருமனதாக முடிவாயிற்று. நடுவில் சத்தியநேசன் நாலு முறை போன் செய்தார். “அச்சில் இருக்கிறது” என்று நான் நாலு முறையும் சலிக்காமல் பதில் சொன்னேன்.

திருவோணத்துக்கு முந்திய நாள் பட்டியல் வெளியாயிற்று. பதினாறு பக்கம். முதல் ஒன்பது பக்கங்களில் சங்கத்தின் வரலாறு, விதிகள், நன்றியுரை. பிறகு யூதர்கள் பற்றிய ஒரு பொது அறிமுகம், இணையத்துக்கு நன்றியுடன். கடைசிப் பக்கத்தில் முடிவு: 'முதல் முறை செல்பவர்கள் பாஸ்ட்ராமி சாண்ட்விச்சும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் ஆர்டர் செய்க. காலையில் நெய்மீனுடன் பேகல். உடல்நலம் குன்றினால் உருண்டை சூப். குழந்தைகளுக்கு ருகெலா. வெள்ளிக்கிழமை எனில் ஹாலா.' ஆழ்ந்த ஆய்வுக்குப் பின் எட்டப்பட்ட முடிவு என்பதால் கடைக்காரர் தரப்பைக் குறிப்பிட அவசியம் ஏற்படவில்லை.

வரவேற்பு எப்படி இருந்தது என்கிறீர்கள்? அன்று மாலைக்குள் நாலாயிரத்து இருநூறு பேரும் இதயக்குறி போட்டுவிட்டார்கள். ஓணம் விடுமுறையில் குடும்பம் குடும்பமாகத் தம்பானூருக்குத் திரண்டார்கள். திருவோணத்துக்கு மறுநாள், அவிட்டத்தன்று, எனக்கு ஷாஜி போன் செய்தான்.

“சாரே, நிங்கட லிஸ்டுக்கு எந்தா ஒரு பவரு! காலையிலேர்ந்து திரக்கோட திரக்கு. கசேரி பத்தல. ஆளுக ரோட்டுல நிக்குது.”

“சத்தியநேசனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்” என்றேன்.

“சத்தியநேசனா? அவன் போன ஆழ்ச்சையே சாவி தந்துட்டுப் போயாச்சு சாரே. இப்போ இங்க குழிமந்திக் கடையாணு. லிஸ்டைப் பார்த்து வந்தவங்க எல்லாரும் மந்திதான் தின்னுது. ஒரு ஆளும் ரொட்டி எவிடேன்னு கேக்கல்ல. எல்லாரும் ஹாப்பி.”

விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். எங்கள் குழுவிலேயே நூற்றுக்கணக்கான நன்றிச் செய்திகள். 'பட்டியல்படியே போனோம், கோழி அருமை.' 'யூதர்களின் மந்தி இவ்வளவு ருசி என்று தெரியாமல் போயிற்று.' ஒருவர் குழிக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தார். சங்கத்தின் நம்பகத்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாங்கள் எதைச் சொன்னாலும், அங்கே எது கிடைத்தாலும் மக்கள் சாப்பிடுகிறார்கள்!

இத்துடன் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுவது என் கடமை.

வீட்டில் மனைவி அவளுடைய தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் வெறும் காப்பியோடு, உளுந்து வாங்க சாலை பஜாருக்குப் போனேன். நயினாரின் மொத்தவிலை மளிகைக் கடைப் பக்கம் திரும்பியதும் ஒரு மணம் வந்து பிடித்துக்கொண்டது. கடையின் பின்கட்டில் எப்போதோ இருந்த ஒரு பேக்கரியின் அடுப்பு உண்டு. அதன் முன்னால் ராஜபாய் நின்றிருந்தாள். உள்ளே சத்தியநேசன் நீளப் பலகையால் ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பலகை என்றால் அந்தப் பலகை மட்டும்தான், பெயர்ப்பலகை கிடையாது. மெனுவும் கிடையாது. சுமைதூக்குகிறவர்கள் தலைத்துண்டோடு வரிசையில் நின்று விரலைக் காட்டினார்கள். ஒரு விரலுக்கு ஒன்று, இரண்டு விரலுக்கு இரண்டு. என்ன ஆர்டர் செய்வது என்று ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் பின்னல் ரொட்டி. சனிக்கிழமை அடுப்பு பற்றாது, அதற்கும் சேர்த்து இன்றைக்கே வாங்கிக்கொள்கிறார்கள். அடுப்புக்கு மேலே ஆணியில் இரண்டு துணிகள் தொங்கின, ஒன்று சிவப்பு நூல் கட்டியது, ஒன்று நீலம். இதெல்லாம் எந்தச் சங்கத்தின் அனுமதியும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

எனக்குப் பசித்தது. சங்கம் தொடங்கிய பிறகு ஒரு கடை வாசலில் எனக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த படிவம் உறுத்தியது. அதை எடுக்காமலே வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் சொரிமுத்து வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்.

என் முறை வந்தது. ராஜபாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபமில்லை. ரொட்டியை எடுக்கக் கையைக்கூட நீட்டிவிட்டாள். நீட்டியபடியே, இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“சாப்பிட்டாச்சா சார்?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள். நான் தலைவர். முப்பத்துமூன்று வருடமும் ஒன்பது விதிகளும் என் வயிற்றுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டன.

“ஆச்சு. வீட்டிலேயே ஆச்சு.”

நீட்டிய கையை ராஜபாய் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

“அப்பம் கொஞ்சம் மாறி நில்லுங்க சார். பின்னால பசிச்ச ஆளுவ நிக்காவ.”

மாறி நின்றேன். சொரிமுத்து முன்னால் போய் இரண்டு விரலைக் காட்டினார். சத்தியநேசனுக்கு எங்கள் சங்கம் செய்த முதல் உதவி அதுதான்.